மருத மரத்துக்கு மேல்பக்கம்

அணை கட்டி முடித்து மலைத்தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பிய பிறகு, கம்பத்து ஆறு கோடையிலும் ஓடுகிறது. துணி அலச வரும் ராமுத்தாய்க்கு மட்டும் பழைய ஆறுதான் கண்ணுக்குள் நிற்கும்.

அவளுக்குக் கல்யாணமான வருஷம். ஐப்பசி மழையில், அக்கரையில் மாட்டிக்கொண்ட எருமைக் கன்றைப் பிடிக்க அவள் புருஷன் தவசி ஆற்றில் இறங்கினான். முழங்காலளவு தண்ணீர்தான். மலையில் பெய்த மழை திடுமென்று வந்து அவனை அடித்துக்கொண்டு போயிற்று. கரையில் நின்றவர்கள் கண்ணெதிரே அவன் தலை கரையோர மருத மரத்தை நோக்கிப் போனது, முங்கியது, அப்புறம் காணோம்.

மரத்தைத் தாண்டித்தான் முங்கினான் என்றான் கொழுந்தன் சின்னக்கருப்பு. எல்லாரும் ஆமென்றார்கள். ராமுத்தாயும் அப்படியேதான் பார்த்திருந்தாள். கயிறும் கம்புமாக ஆற்றோடு கீழ்ப்பக்கம் ஓடினார்கள்.

மரத்தடிச் சேற்றில் வழுக்கி விழுந்த அவளால் எழுந்து ஓட முடியவில்லை. அங்கேயே கிடந்தவளுக்கு, மேல்பக்கத்து நாணலுக்குள் யாரோ இருமுவது கேட்டது. தவழ்ந்து போய்ப் பார்த்தாள். கழுத்தளவு வெள்ளத்தில் வேரைப் பற்றிக்கொண்டு தவசி. சேலைத் தலைப்பை எட்டிப்போட்டு, குப்புறப் படுத்து இழுத்தாள்.

கரையேறியதும் அவன் வாய்த் தண்ணீரைத் துப்பிவிட்டுச் சொன்னான்.

"எல்லாரும் என்னையத் தாண்டி ஓடுறீக. கத்துறேன், ஒருத்தரும் திரும்பல."

"மரத்தத் தாண்டி நீங்க போனத என் கண்ணால பாத்தேனே."

"நான் மரத்துக்கு வரவே இல்லையே, புள்ள."

பொழுது சாயத் தலை தொங்கத் திரும்பிய சின்னக்கருப்பு, அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதான். ஆனாலும் பார்த்ததைப் பார்த்தேன் என்றே சாதித்தான். ஓடுகிற தண்ணீர் எல்லார் கண்ணையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. கண்ணை மூடினால் ராமுத்தாய்க்கும் அந்தத் தலை மரத்தைத் தாண்டித்தான் போகும். அதைச் சொன்னால் தவசி கட்டிலில் புரண்டு சிரிப்பான்.

"நீ பாத்தவன் போய்க்கிட்டே இருக்கட்டும். நான் இங்கன கெடக்கேன், கஞ்சி ஊத்து."

எத்தனையோ மழைக்காலம் இந்தப் பேச்சிலேயே கழிந்தது. பிறகு அவன் அணை வேலைக்கு மலையேறினான், காட்டுக் காய்ச்சலோடு இறங்கி வந்தான், பிழைக்கவில்லை.

இப்போதெல்லாம் மழை பிடித்தால் அவள் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். தப்பாகப் பார்த்தாய் என்று வம்புக்கிழுக்க அந்த வீட்டில் ஆளில்லை.