பாதி அம்மி

"யாரக் கேட்டு என் வண்டில கைய வெச்ச பாய்? சொல்லு, யாரக் கேட்டு?"

"கத்தாத மச்சான். ஹேண்ட்பிரேக்கு புடிக்கல, புடிக்க வெச்சேன். இதுக்குப் போயி இன்னா இந்தக் கூப்பாடு?"

"புடிக்கலன்னு நான் வந்து சொன்னனா உன்னாண்ட?"

"ஊருக்கே தெரிஞ்சத நீ வேற தனியா வந்து சொல்லணுமா?"

பம்மலில் எங்கள் மேட்டுத் தெருவில் சத்தம் கிளம்பினால் அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு வருவதுதான் மரியாதை. நான் அரிசி முறத்தோடு வந்தேன். கையில் வேலை இருந்தால் வேடிக்கை பார்க்கிறாள் என்று யாரும் சொல்ல முடியாது பாருங்கள். கத்திக்கொண்டிருந்தவர் எதிர்வீட்டு அசரியா. பல்லாவரம் ஸ்டேஷனிலிருந்து தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு உப்புத் தோல் ஏற்றிப் போகும் பிக்கப் வேன் அவருடையது. அது தெருவுக்குள் நுழைவதைக் கண்ணுக்கு முன்னால் மூக்கு சொல்லிவிடும். வாங்கிக்கட்டிக்கொண்டிருந்தவர் தெருக்கோடியில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் சௌகத் அலி. இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதர்கள். அதனால்தான் சண்டை இவ்வளவு நன்றாக இருந்தது.

விஷயம் இதுதான். முந்தின நாள் அசரியா சபைக் கூட்டத்துக்கென்று ரயிலேறிச் செங்கல்பட்டு போனார். அவர் மகள் ஞானஜோதி வண்டிச் சாவியை எடுத்துப் போய் சௌகத் அலியிடம் கொடுத்துவிட்டாள். திரும்பி வந்தவர் சங்கதி தெரிந்ததும் மகளை ஒன்றும் சொல்லவில்லை. நேரே பாயின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"எத்தினி வருசமா ஆவாதது, நீ ஒர்த்தன் வந்து சரி பண்ணிட்டியா? பொய் சொல்லாத பாய். அந்த பிரேக்க யாராலயும் சரி பண்ண முடியாது."

"இன்னா முடியாது? பின்னாடி சீல் லீக்கு. ஆயில் ஒழுகி லைனிங் எல்லாம் வழவழன்னு ஊறிக் கெடந்துச்சு. சீல மாத்தி, புது லைனிங் அடிச்சி, கேபிள இழுத்துக் கட்டினேன். அரை நாள் வேலை."

அசரியாவின் கை சட்டையிலிருந்து நழுவியது.

"அரை நாளா?" என்றார். அப்படியொரு மெல்லிய குரல் அவரிடம் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

ஏன் அப்படிக் கேட்டார் என்று சொல்ல வேண்டுமானால் புஷ்பத்தின் கதையைச் சொல்ல வேண்டும். புஷ்பம் அவர் மனைவி. அந்த வண்டியின் ஹேண்ட்பிரேக் எந்தக் காலத்திலும் பிடித்ததில்லை. எங்கள் தெருவோ செங்குத்தான ஏற்றம். கியரில் போட்டு நிறுத்தினாலும் நழுவுகிற கிழட்டு எஞ்சின். ஆகவே அவர்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு. மேடேறி வாசலுக்கு வந்ததும் அசரியா ஹாரன் அடிப்பார், பிரேக்கை மிதித்தபடி எஞ்சினை அணைப்பார். புஷ்பம் அடுப்படியிலிருந்து ஓடி வந்து பின்சக்கரத்துக்குக் கல்லை வைத்துவிட்டு, வண்டித் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவாள். டக், டக். அதற்குப் பிறகுதான் அவர் கால் பிரேக்கை விட்டு எழும். கல் என்பது அவள் சீராகக் கொண்டுவந்த அம்மி. உடைந்துபோனதில் ஒரு பாதி. "அதைச் சரி பண்ணித் தொலைங்களேன்" என்று அவள் முணுமுணுக்கும்போதெல்லாம், தெருவுக்கே கேட்கும்படி, "நீ இருக்கச்சொல்ல எனக்கு இன்னாத்துக்குடி பிரேக்கு?" என்பார். நாங்கள் சிரிப்போம். அவளும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சிரிப்பாள். அதில் கொஞ்சம் பெருமைகூட இருக்கும். பெண்பிள்ளைகளுக்கு எதிலெல்லாம் பெருமை வந்துவிடுகிறது!

அறுபத்தெட்டாம் வருஷம் ஒரு மத்தியானம். உலை பொங்கிவிட்டதால் புஷ்பம் வரக் கொஞ்சம் தாமதம். டக், டக் என்று கேட்டது. அசரியா காலை எடுத்தார். கல் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

அவள் அவசரத்தில் முன்கூட்டியே தட்டிவிட்டாள் என்பது அசரியாவின் கட்சி. பாதிரியாரிடமும் போலீஸிடமும் அதையே சொன்னார், பிறகு தனக்கும் அதையே சொல்லிக்கொண்டார். ஆனால் அந்த அம்மியை இரண்டு கையால்தான் தூக்க முடியும். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் இரண்டு கையும் அதைக் கட்டிக்கொண்டுதான் இருந்தன. அப்படியென்றால் தகரத்தில் தட்டிய கை யாருடையது? தெருவில் இந்தக் கேள்வி புளித்துப்போகும்வரை பேசப்பட்டது. பக்கத்து வீட்டு எல்லம்மா, தோல் ஷாப் கிணற்றில் விழுந்தவள் ஒருத்தியின் பெயரைச் சொன்னாள். விளக்கு வைத்த பிறகு அந்த வண்டிக்குப் பின்னால் யாரும் நடப்பதில்லை. என் வீட்டுக்காரர் சம்பந்தம் பெரிய பகுத்தறிவாளர்; அவரும் எதிர் ஓரமாகத்தான் நடப்பார்.

அதற்குப் பிறகு கல் வைப்பது, தட்டுவது எல்லாம் ஞானஜோதியின் வேலையாயிற்று. அவள் குனிய மாட்டாள். பக்கவாட்டில் நின்று கல்லைக் காலால் தள்ளிவிட்டுத் தட்டுவாள். டீச்சர் வேலைக்குத் தூரத்து ஊருக்கு உத்தரவு வந்தது, போகவில்லை. இப்போது ராஜகீழ்ப்பாக்கத்தில் போஸ்டாபீஸ் மாப்பிள்ளை, வேதசிரோமணி என்று பெயர், பெண் பார்த்துப் பிடித்துப்போய்க் காத்துக்கொண்டிருந்தான். ஹாரன் சத்தத்துக்கு வாசலுக்கு ஓடிவர அவள் இருந்தாக வேண்டும் என்பதால் அசரியா எதற்கும் பதில் சொல்லாமல் இருந்தார். அதனால்தான் அந்தப் பெண் சாவியைத் திருடியது.

"புடிக்குதா இல்லியான்னு இப்பவே பாத்துர்றேன்" என்று அசரியா வண்டியில் ஏறினார். கீழே கொண்டுபோய்த் திருப்பி, மேடேற்றி, வாசலில் நிறுத்தினார். ஹேண்ட்பிரேக்கை இழுத்த கரகரப்பு எங்களுக்கே கேட்டது. எஞ்சின் அணைந்தது. எல்லம்மா தன் ஆட்டைக்கூட வண்டிக்குப் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டாள்.

"காலை எடு மச்சான்" என்றார் சௌகத் அலி.

அவர் எடுக்கவில்லை. பக்கக் கண்ணாடியில் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்ல வைம்மா."

"வைக்கமாட்டேன்பா."

"தட்டவாச்சும் தட்டு."

"மாட்டேன். நாளைக்கு நான் போயிட்டா யாருப்பா தட்டுவாங்க?" என்று கைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

வெயில் உச்சியைக் கொளுத்தியது. அசரியாவின் கழுத்தில் வேர்வை ஓடியது. எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ, அப்போதுதான் கேட்டது.

டக்.

டக்.

நான் எல்லோர் கைகளையும் பார்த்தேன். அது என் பழக்கம். ஞானஜோதி கை கட்டியபடி. சௌகத் அலி கையில் எண்ணெய்த் துணி. எல்லம்மா கையில் ஆட்டுக் கயிறு. என் கையில் முறம். வண்டிக்குள் அசரியாவின் முழங்கால் மெல்ல மேலே வந்தது. வண்டி அசையவில்லை. ஒரு விரற்கடைகூட அசையவில்லை.

"புஷ்பம்டீ! அவதான்டீ!" என்று எல்லம்மா அலறினாள்.

சௌகத் அலி சிரித்துவிட்டார். "அட போக்கா, பேயும் இல்ல பிசாசும் இல்ல. மேடு ஏறி வந்த வண்டி. சூடு ஆறச்சொல்ல சைலன்சரு தகரம் இப்டித்தான் டக்கு டக்குன்னும். எல்லா வண்டியும் தட்டும்."

நாங்களும் சிரித்தோம். மூன்று வருஷத்துப் பயம் போன சிரிப்பு. நான்கூட முறத்திலிருந்து கொஞ்சம் அரிசியைச் சிந்தினேன்.

அசரியா கதவைத் திறக்காமல் கேட்டார். "எல்லா வண்டியுமா பாய்?"

"ஆமா மச்சான்."

"எப்பவுமேவா? அன்னிக்குமா?"

சௌகத் அலி தலையாட்டப் போனார். பிறகு என்ன புரிந்ததோ, கையிலிருந்த துணியால் துடைத்த கையையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார். ஞானஜோதி மட்டும் வண்டிக் கதவருகே போய் அப்பாவின் முழங்கையில் கையை வைத்தாள்.

அடுத்த மே மாதம் ஞானஜோதிக்கும் வேதசிரோமணிக்கும் வேதக் கோயிலில் கல்யாணம் நடந்தது. பிரியாணியில் உப்பு கம்மி. ராஜகீழ்ப்பாக்கத்துக்குப் போன சாமான்களில் பாதி அம்மியும் இருந்ததைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்களாம். அவள் அதைக் கொல்லையில் யாரும் மிதிக்காத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறாளாம். சௌகத் அலி ஷெட்டைத் தாம்பரத்துக்கு மாற்றிக்கொண்டார். வியாபாரம் அங்கேதான் என்றார். நாங்களும் கேட்டுக்கொண்டோம்.

பிரேக் இன்றுவரை நன்றாகப் பிடிக்கிறது. அசரியா மேடேறி வந்து, அதை இழுத்துவிட்டு, பெடலில் காலை வைத்தபடியே உட்கார்ந்திருப்பார். தகரம் ஆறி, அது தட்டிய பிறகு இறங்குவார். கோடையில் ஒரு தொல்லையும் இல்லை.

ஐப்பசி வந்தால்தான் சங்கடம். ஒரு நாள் காலையிலிருந்து விடாத மழை. வண்டி வந்து வெகுநேரமாகியும் அவர் இறங்கவில்லை. மழைச் சத்தத்தில் தகரம் தட்டினாலும் காதில் விழாது. நனைந்த கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஜன்னலில் நின்றுகொண்டிருந்த என்னிடம், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "போய்த் தட்டிட்டு வாயேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வண்டிக்குப் பின்னால் போய்க் கையை ஓங்கியபோதுதான் பார்த்தேன். கொட்டுகிற மழையில், மேட்டுத் தண்ணீர் வண்டிக்கு அடியெல்லாம் ஓடிக்கொண்டிருக்க, பின்சக்கரத்தை ஒட்டி மட்டும், அந்தப் பாதி அம்மி அளவுக்கு ஒரு துண்டுத் தரை நனையாமல் இருந்தது.