தொப்பி போட்ட எண்கள்

மருத்துவமனைப் பதிவுகளுக்கான சரிபார்ப்பு விவரக்குறிப்பை எழுதியவரை அலுவலகத்தார் ‘வாத்தியார்’ என்றே அழைத்தனர். நடுவயதைக் கடந்தபின் கணினிப் பாடங்களைத் தாமாகவே பயின்றவர் அவர். ஒற்றைக் கேள்விக்கு மூன்று பத்திகளில் விடையளிப்பார். எவ்வகை நோயாளி எண் ஏற்கத்தக்கது என்று வரையறுக்கும் வடிவ விதிகள் யாவும் அவர் இயற்றியவையே.

சென்ற வாரம் ஒவ்வொரு விதியின் தலையிலும் ^ என்னும் தொப்பிக்குறியையும், காலில் $ குறியையும் சேர்த்தார். முன்னும் பின்னும் வேண்டாத எழுத்து ஒட்டாதபடி அவை எண்ணின் தொடக்கத்தையும் முடிவையும் காக்கும் என்பது அவர் கற்ற பாடம். அவ்விதிகளை நிரலில் ஏற்றும் பெண் தயங்கியபடி வந்தாள்.

“சார், நாம எடுத்துக்கிட்ட முறையில இது ரெண்டும் வேணுமா?”

“அடிப்படையை ஒழுங்காப் படிச்சுட்டு வாம்மா,” என்றவர், பலர் பார்த்திருக்கப் பாடமும் நடத்தினார். அவள் சொன்னபடியே செய்தாள்.

இன்று பிற்பகல் சோதனை ஓட்டத்தில், சரியான எண்கள் அனைத்தும் நிராகரிக்கப்பட்டன. மேலாளர் அவள் பக்கம் திரும்பினார்.

“இன்னைக்குத்தான் உன்னை நிரந்தரமாக்கலாம்னு இருந்தேன். இந்த லட்சணத்துல எப்படிம்மா?”

அவள் வாத்தியாரைப் பார்த்தாள். வாத்தியார் மேசையின் மேல் கிடந்த கணினிக் கம்பியைச் சுற்றத் தொடங்கினார்.

“அண்ணே, ஒண்ணே ஒண்ணு உள்ள போயிருக்கு,” என்றார் சோதனையாளர். “வெளையாட்டா ஒரு எண்ணுக்கு முன்னாடி தொப்பியும் பின்னாடி டாலரும் தட்டிவிட்டேன். டக்குனு பச்சை!”

“அப்போ நோயாளிங்க தொப்பி போட்டுக்கிட்டு, கையில டாலரோட வந்தாத்தான் சேத்துக்குவோமா?” என்றார் மேலாளர். அறை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

வாத்தியார் தம் விவரக்குறிப்பின் முதற்பக்கத்தைப் புரட்டினார். பின்பற்ற வேண்டிய முறை எது என்று அங்கே அவரே குறித்திருந்தார். அம்முறையில் ஒவ்வொரு விதியும் எப்போதும் எண் முழுவதற்கும் பொருந்தியாக வேண்டும். காவல் எதுவும் வேண்டியதில்லை. ^, $ இரண்டும் அங்கே வெறும் எழுத்துகள். அவர் கற்றதோ வேறொரு முறையின் இலக்கணம்.

“விதி தப்பு. என் தப்பு,” என்றார்.

“சரி, ஏத்துறவ ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?” என்றார் மேலாளர்.

இதற்கு விடை சொல்ல வேண்டியவர் வாத்தியாரே. அவள் குனிந்திருந்தாள். அவரைக் காட்டிக்கொடுக்கும் எண்ணம் அவளுக்கு இல்லை என்பது அவரை மேலும் குறுகச் செய்தது.

“கேட்டா. நான்தான் எல்லார் முன்னாடியும் அவ வாயை அடைச்சேன்.”

மூன்று பத்திகள் வரவில்லை. மேலாளர் அவளிடம், “இது முடிஞ்சதும் என் அறைக்கு வா. உன் ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுடறேன்,” என்றார்.

வாத்தியார் எல்லோருக்கும் தெரியும்படி திரையில் தட்டச்சு செய்தார்: ‘தெளிவுரை: ^, $ ஆகியவற்றிற்கு இவ்விதிகளில் சிறப்புப் பொருள் இல்லை. அவற்றைச் சேர்த்தல் ஆகாது.’ ஆகாது என்னும் சொல்லை இருமுறை பிழையாக அடித்துத் திருத்தினார்.

“இப்ப ரெண்டையும் எடுத்துடவா சார்?” என்று அவள் கேட்டாள். குரலில் பழைய மரியாதை சற்றும் குறையவில்லை.

அவர் தலையசைத்து, விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தினார்.