பின்பக்கமாக ஏறி வந்தவன்

தொலைபேசியின் சுருள் கம்பி சமையலறையிலிருந்து அம்மாவின் கட்டில் வரைக்கும் எட்டாது. மார்லீன் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அறைக்குள் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றாள்.

"மறுபடியும் சக்கரம் சும்மா சுத்துதும்மா."

"எனக்குக் காது இருக்கு," என்றாள் லெம்பி. கண் மூடித்தான் இருந்தது. "ஜன்னல இன்னுங் கொஞ்சம் தெற."

மேட்டுக்குக் கீழே டயர் கத்துவது ஜன்னல் இடுக்கு வழியாக வந்தது. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள் லெம்பி. ஈரல் கெட்டு, ஆள் பாதியாகச் சுருங்கிப் படுத்திருந்தாலும் காது சுருங்கவில்லை. காலையில் முள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு மேடேறி வந்த நர்ஸ், "சாயங்காலத்தத் தாண்டாது, வரவேண்டியவங்கள வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். வரவேண்டியவன் ஒருத்தன்தான். பதினோரு வருஷமாக ஜூலையில் மட்டும் ஊருக்கு வருகிற மகன் ராய். ஃப்ளோரிடாவிலிருந்து விமானம் பிடித்து, வாடகைக் காரில் மேட்டடி வரைக்கும் வந்துவிட்டான். மிச்சம் இருந்தது கால் மைல்.

ராத்திரி பெய்த மழை அப்படியே உறைந்து, அதன்மேல் இரண்டு அங்குலம் பனி விழுந்திருந்தது. வழுக்காமலிருக்க மணல் தூவுகிற லாரி பெரிய சாலைகளை முடித்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வரும். ராய் நடந்தும் வரமுடியாது. இடுப்பெலும்பு மாற்றி ஆறு வாரம்தான் ஆகிறது, கையில் தடி.

தொலைபேசியில் ஏய்னோ மூச்சு வாங்கினார். மேட்டடி வீடு அவருடையது. "மார்லீன், உன் தம்பி என் தபால் பெட்டிய ரெண்டாவது தடவ இடிச்சுட்டான்."

"உங்க லாரில கட்டி இழுக்க முடியாதா மாமா?"

"அது கியர் பெட்டியக் கழட்டிக் கெடக்கு. வேணும்னா சறுக்குவண்டில உக்கார வச்சு நானே இழுத்துட்டு வந்துடறேன்."

"அப்படியே செய்யுங்க மாமா."

"செய்யக்கூடாது," என்றாள் லெம்பி. "அவன் என்ன வெறகா? ஓட்டிட்டு வரட்டும்."

"அம்மா, நேரமில்லம்மா."

"நேரம் என்னுது. நீ பேசாத."

மார்லீன் மூச்சை எண்ணினாள். அம்மாவின் ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இப்போது ஏழு எண்ண முடிந்தது. காலையில் நாலு.

கீழே டயர் மறுபடி கத்தியது. லெம்பி புருவத்தைச் சுருக்கினாள். "முன்னாடி தூக்கிட்டு நிக்குது. எந்தச் சக்கரம் இழுக்குற வண்டி? டிக்கில என்ன இருக்கு? கேளு."

கேட்டாள். ஏய்னோ சொன்னார்: "முன்சக்கரம்தான். டிக்கில நாலு மணல் மூட்ட போட்டேன். எல்லாரும் போடுறதுதானே."

இந்த ஊரில் எல்லாரிடமும் இருப்பது பின்சக்கரம் இழுக்கிற லாரி. நவம்பர் வந்தால் பிடிப்புக்காகப் பின்னால் மூட்டை போடுவது கோட்டு மாட்டிக்கொள்வது மாதிரி, யாரும் யோசிப்பதில்லை. ஏய்னோவும் யோசிக்கவில்லை.

லெம்பி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. மார்லீன் தொலைபேசியைத் தரையில் வைத்துவிட்டு ஈரப் பஞ்சால் அம்மாவின் உதட்டைத் துடைத்தாள்.

"முன்சக்கர வண்டிக்குப் பின்னால பாரம் வச்சா மூக்கு மேல போவும்னு அந்தக் கழுதைக்கு யாரு சொல்றது?"

மார்லீன் தொலைபேசியை எடுத்தாள். "மாமா, அம்மா உங்களக் கழுதைன்னு..."

"கேட்டுச்சு. மேல சொல்லச் சொல்லு."

லெம்பி ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓய்வெடுத்தாள். மூட்டையை எல்லாம் வெளியே எறி. முன்டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கு. வண்டியைத் திருப்பு. பின்பக்கமாகவே மேடு ஏறட்டும். அப்போதுதான் கனமெல்லாம் இழுக்கிற சக்கரத்தின் மேல் விழும்.

"பின்பக்கமாவா? கால் மைலா?" என்றார் ஏய்னோ.

"நீயும் அவன் பக்கத்துல ஏறி உக்காரு. நீ ஒருத்தனே நாலு மூட்ட."

"லெம்பி, சாவும்போதாவது என் வயித்த விட்டுட மாட்டியா?"

"மாட்டேன். அப்புறம், கண்ணாடியப் பாத்து ஓட்ட வேணாம்னு சொல்லு. தலையத் திருப்பிப் பாக்கட்டும். கால் மெதுவா. வழுக்குச்சுன்னா அழுத்தக் கூடாது, விட்டுடணும்."

தொலைபேசி வைக்கப்பட்டது. அதற்கப்புறம் சொல்ல வழியில்லை, கேட்க மட்டும்தான்.

ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பனி நொறுங்குகிற கரகர சத்தம் வந்தது, சீராக, யாரோ வறுத்த ரொட்டியை மெல்லுவது போல. அம்மாவின் மூச்சுக்கு நடுவில் ஒன்பது. கரகர சத்தம் வளைவை நெருங்கியது. திடீரென்று டயர் கத்தியது.

"விடு," என்றாள் லெம்பி உதட்டுக்குள். போர்வைக்கடியில் அவள் வலது பாதம் லேசாக மேலே வந்தது.

கத்தல் நின்றது. மார்லீன் பதினொன்று வரை எண்ணினாள். கரகர சத்தம் மறுபடி தொடங்கியது.

கார் முற்றத்துக்குள் புட்டத்தைக் காட்டிக்கொண்டு வந்து, விறகு அடுக்கில் மோதி நின்றது.

தடியை ஊன்றிக்கொண்டு ராய் உள்ளே வந்தான். தலை வலது தோளுக்கு மேல் திரும்பி அப்படியே நின்றிருந்தது.

"என்னடா ஆச்சு?" என்றாள் மார்லீன்.

"கழுத்து பிடிச்சுக்கிச்சுக்கா. திருப்ப வரல."

பின்னால் வந்த ஏய்னோ தொப்பியைக் கழற்றினார். "வழியெல்லாம் என்னப் பாக்குறானா ரோட்டப் பாக்குறானான்னே தெரியல."

மார்லீன் நாற்காலியைக் கட்டிலின் மறுபக்கம் கொண்டுபோய்ப் போட்டாள். அங்கே உட்கார்ந்தால்தான் திரும்பின தலைக்கு நேராக அம்மாவின் முகம் வரும். ராய் உட்கார்ந்தான்.

லெம்பி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "வெறகு எத்தன விழுந்துச்சு?"

"ஆறேழு இருக்கும்மா."

"பரவால்ல. மொதத் தடவதானே."

அதற்கப்புறம் அவள் பேசவில்லை. அவன் கையை மட்டும், கியர்க் கம்பியைப் பிடிப்பது போல, மேலிருந்து பிடித்துக்கொண்டாள். மார்லீன் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அந்தப் பிடி தளர்ந்தது.

ஏய்னோ சமையலறைக்குப் போய்ச் சத்தமாக மூக்குச் சிந்தினார். நர்ஸுக்கும் பாதிரியாருக்கும் அவரே சொல்லிவிட்டு, சிந்திய விறகை அடுக்கப் போனார்.

மார்லீன் காபி போட்டாள். ஏலக்காய் ரொட்டியில் இரண்டு துண்டு வெட்டித் தட்டில் வைத்தாள். ராயின் பின்னால் போய், "இந்தா" என்றாள்.

ராய் கழுத்தை இடப்பக்கம் தாராளமாகத் திருப்பி, கோப்பையையும் ரொட்டியையும் வாங்கிக்கொண்டான். பிறகு தலையை மறுபடி வலப்பக்கமே, அம்மாவின் முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டான்.

"இன்னும் வலிக்குதா?"

"வலிக்குதுக்கா. திருப்பவே வரல."

"சரி, அப்படியே இரு," என்றாள் மார்லீன். தன் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.