மிரளாத புறா

போன வருஷம் ஊர்க் கண்காட்சியில், பிள்ளைகளின் புறாப் போட்டியில், டெஸ்ஸாவின் புறா அவள் கையிலிருந்து திமிறிப் பறந்தது. பலகாரப் போட்டி மேஜையில் இறங்கி, முதல் பரிசு வாங்கிய ஆப்பிள் 'பை' பலகாரத்தில் கால் வைத்தது. கூடம் முழுக்கச் சிரித்தது. நடுவர் சிரித்தார். அவளுடைய அம்மாவும் சிரித்தாள். மாமா மகன் காரெட் அன்றைக்கே ஒரு பேர் வைத்தான்: நடுங்கி. நெப்ராஸ்காவில் அந்த மாதிரிச் சின்ன ஊரில் ஒட்டிய பேர் லேசில் உதிராது. பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

இந்த வருஷம் யாரும் சிரிக்கக் கூடாது. பதினொரு வயதில் அவளுக்கு வேறு ஆசை இல்லை.

அதனால் மே மாதத்தில் அம்மா அவளைக் காரெட்டின் அப்பா வெர்லின் மாமா வீட்டில் இறக்கிவிட்டுப் போனாள். வெர்லின் வளர்ப்பது கிங் ரகப் புறா. வெள்ளை வெளேரென்று, சின்னக் கோழி அளவு இருக்கும். ஒரு காலத்தில் கறிக்காக வளர்த்தது. பறக்கச் சோம்பல்படும்; சாது. பிள்ளைகள் கையில் கொடுக்க அதைவிட நல்ல ரகம் கிடையாது என்பது ஊர்ப் பேச்சு.

கொட்டகைக்குள் போனதுமே ஓர் இளம் பெட்டை வந்து அவளுடைய ஷூ நாடாவைக் கொத்தியது. அவள் உட்கார்ந்ததும் மடியில் ஏறிக்கொண்டது. இதுவே போதும் என்றாள்.

"மடியில ஏறுறதுக்கெல்லாம் யாரும் பரிசு ரிப்பன் தர்றதில்லம்மா," என்றார் வெர்லின்.

தீவன டப்பாவின் தகர மூடியை எடுத்து சிமெண்டுத் தரையில் போட்டார். புறாக்களில் பாதி எழும்பிக் கம்பி வலையில் மோதின. ஒரு தடவை மோதினால் மன்னிப்பு உண்டு, இரண்டாம் தடவை சாக்கு என்று சொல்லிவிட்டு, மறுபடி மூடியைப் போட்டார். சாக்கைப் பிடித்தவன் காரெட். ஒவ்வொன்றும் உள்ளே விழ விழ, இது சூப்பு, இது வறுவல் என்று எண்ணினான்.

மடியில் ஏறிய பெட்டை இரண்டு தடவையும் மோதியது.

ரகமே சாது என்றார்களே என்று டெஸ்ஸா கேட்டாள். வெர்லின் கோபப்படவில்லை. அவர் எதற்கும் கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை.

"எந்த ரகமும் சாதுவாப் பொறக்கிறதில்ல. எங்கப்பா காலத்துலேருந்து துள்ளுனதையெல்லாம் தின்னுட்டோம். மிச்சம் நின்னதுதான் சாது."

அந்தப் பெட்டையைக் கண்காட்சிக்கு இல்லாமல் சும்மா வளர்க்கிறேன் என்றாள். ஒரு பிள்ளைக்கு ஒரு புறாதான் என்றார் அவர். இதை எடுத்துக்கொண்டு ஆகஸ்டில் கூடத்தில் போய் நிற்கலாம். இல்லை, அதோ இரண்டு சத்தத்துக்கும் அசையாமல் நிற்கிறதே, அதை எடுக்கலாம்.

"துள்ளிக்கு நடுங்கி பொருத்தம்ப்பா," என்றான் காரெட். "இப்பவே ஒரு பை சுடச் சொல்லு."

பெட்டை மாமாவின் கையில் இருந்தது. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அசையாமல் நின்ற மற்றப் புறாவை டெஸ்ஸா காட்டினாள். அவர் அங்கேயே, பேச்சு வாக்கில், பெட்டையின் கழுத்தைத் திருகிச் சாக்கில் போட்டார்.

ஆகஸ்டில் நடுவராக வந்தது ஒரு பெண்மணி. நீளக் குச்சியால் டெஸ்ஸாவின் புறாவை நெஞ்சில் தொட்டாள். அது நின்றபடி நின்றது. வெளியே எடுக்கச் சொன்னாள், சிறகை விரிக்கச் சொன்னாள். எல்லாம் ஆயிற்று. ஏன் இந்த ரகம் என்று கேட்டாள். பக்கத்துப் பிள்ளைகள் அழகு என்றும் அன்பு என்றும் சொல்லியிருந்தார்கள்.

"துள்ளுனதைக் கொன்னு கொன்னு சாதுவாக்கின ரகம்," என்றாள் டெஸ்ஸா. "நானும் ஒண்ணு குடுத்தேன்."

 நடுவர் கூட்டத்தின் பக்கம் திரும்பி, ரகத்தைப் புரிந்துகொண்டு பதில் சொன்ன முதல் பிள்ளை இவள்தான் என்றாள். முதல் பரிசான நீல ரிப்பனை அவள் சட்டையில் குத்தினாள். கை தட்டினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

அடுத்த கூண்டு காரெட்டுடையது. உள்ளே டியூக். தாய் கைவிட்ட குஞ்சு; அவனே ஊட்டி வளர்த்தது. குளிர்காலம் முழுக்க அவன் அறையிலேயே தூங்கியது. அதை மட்டும் யாரும் தகர மூடியைத் தரையில் போட்டுச் சோதித்ததில்லை. குச்சி பட்டதும் டியூக் எகிறிக் கம்பியில் மோதியது. காரெட் கூண்டை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா என்றான். அவனுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது டெஸ்ஸாவுக்குத் தெரியாது.

வெர்லின் அதைப் பார்க்கவில்லை. முதுகைக் காட்டி நின்று, மருமகளின் ரிப்பனுக்கு வாழ்த்து வாங்கிக்கொண்டிருந்தார். காரெட் டெஸ்ஸாவைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"மாமா," என்றாள் அவள். "டியூக் மோதிடுச்சு."

வெர்லின் திரும்பினார். "எத்தன தடவ?"

"ரெண்டு."

மோதியது ஒரு தடவைதான். காரெட் அதைச் சொன்னான். அழுதுகொண்டே திரும்பத் திரும்பச் சொன்னான். சத்தம் கேட்டு, தள்ளி நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேரில் யார் சட்டையில் ரிப்பன் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, வெர்லின் கூண்டைத் திறந்தார்.