அத்தான் சொல்ல வேண்டிய சொல்

சுவிட்சர்லாந்தின் ஷ்லீரனில் தங்கள் வீட்டுத் தொலைபேசி மணி அடித்தாலும் சுமித்ராவுக்கு நெஞ்சு பதறும், அடிக்காவிட்டாலும் பதறும். இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டுச் சித்திரை மாதம் அது. வன்னியில் மனைவி பிள்ளைகளோடு பதுங்கு குழிக்குள் கிடந்த அவளுடைய தம்பி தயாநிதி, எவரிடமாவது சட்டலைட் போன் கிடைத்தால் அந்த இலக்கத்துக்குத்தான் எடுப்பான்.

போன முறை எடுத்தபோது அவன் கேட்டது ஒன்றுதான். கடலேரியைக் கடந்து ராணுவத்தின் பக்கம் போவதா, இருந்த இடத்திலேயே இருப்பதா? கடப்பவர்கள் மேலும் சூடு விழுந்தது, இருப்பவர்கள் மேலும் விழுந்தது. "பொறு தம்பி, பேச்சுவார்த்தை வரப்போகுது" என்று சொல்லிவிட்டார் சுமித்ராவின் கணவர் தவராஜா. தகப்பன் இல்லாத அந்தக் குடும்பத்தில் கலியாணப் பேச்சானாலும் காணி விற்பனையானாலும் மூத்த மருமகன் சொல்வதுதான் முடிவு. தயாநிதி பொறுத்துக்கொண்டான்.

அன்று மாலை, போரை நிறுத்தக் கேட்டு ஜெனீவாவில் நடந்த ஊர்வலத்துக்குப் போய்த் திரும்பிய தவராஜாவுக்குக் கோஷம் போட்டுத் தொண்டை கட்டியிருந்தது. முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

"இந்தக் கிழமை போர்நிறுத்தம் வருமாம், சுமி. எல்லாரும் அதைத்தான் கதைக்கினம்."

"போன கிழமையும் அதைத்தானே கதைச்சவை."

"நீர் ஒருநாளும் நல்லதை நம்பமாட்டீர். எங்கட கலியாணத்தண்டும் மழை வருமெண்டனீர்."

"வந்ததுதானே."

குசினியில் சாப்பாட்டு மேசையில் மகள் ரிஷானி பள்ளிக்கூடத்தில் பேசுவதற்காக இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரைப் படித்துக்கொண்டிருந்தாள். அரசனும் பார்லிமெண்டும் மோதிய போர்.

"கடைசியில சமாதானமானவையோ?" தவராஜா ஆவலோடு கேட்டார்.

"ஒரு தீவில வைச்சுக் கதைச்சவை, அப்பா. கன சனம் எல்லாம் முடிஞ்சுதெண்டு நம்பினது. அரசன் கதைச்சுக்கொண்டே தப்பியோட வழி பாத்தவன். பார்லிமெண்டின்ட படைக்கு அந்தப் பேச்சே பிடிக்கேல்ல. சமாதானம் கேட்டவையைச் சபைக்கு வெளியில தள்ளிப்போட்டு, பிறகு அரசன்ட தலையையும் எடுத்திட்டினம்."

"நம்பின சனம்?" என்றாள் சுமித்ரா.

"அது புத்தகத்தில இல்லையம்மா."

அப்போதுதான் தொலைபேசி மணி அடித்தது. சுமித்ரா ஓடிப்போய் எடுத்தாள்.

"அக்கா, கன நேரம் கதைக்கேலாது. இப்ப ஒரு கூட்டம் கடக்க வெளிக்கிடுது."

"போ தம்பி. பிள்ளையளையும் கொண்டு போ."

"அத்தான் பொறுக்கச் சொன்னவரெல்லே. அவர் என்ன சொல்றார்?"

அவள் ரிசீவரைக் கணவரிடம் நீட்டினாள். "இஞ்சேருங்கோ, உங்கட வாயால சொன்னாத்தான் அவன் அசைவான்."

தவராஜா ரிசீவரைக் கையால் பொத்தினார். "நாளைக்கே சண்டை நிண்டால்? இண்டைக்கு வழியில ஏதும் நடந்தால்?"

"நிக்காட்டில்?"

அவர் மகளின் புத்தகத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு கையை எடுத்தார்.

"தம்பி, அக்கா சொன்னதைச் செய். என்ர பேச்சை நம்பி நிக்காதை."

"சரி அத்தான்."

கடைக்குப் போய்வரச் சொன்னதுபோல அத்தனை சுலபமாக அவன் ஒப்புக்கொண்டது சுமித்ராவுக்கு இன்னும் பயமாக இருந்தது. இணைப்பு அறுந்தது.

தவராஜா தரையில் அப்படியே குந்தினார். "பிழையாச் சொல்லிப்போட்டனோ, சுமி?"

"தெரியாது" என்றாள். பொய் சொல்லித் தேற்ற அவளுக்கு வரவில்லை. பக்கத்தில் அமர்ந்து அவர் கையைப் பிடித்தாள்.