ஒசெல்லாவின் இடது கால்

முதியோர் இல்லத்தில் ராத்திரி வேலை பார்த்துவிட்டு நேராக பேஸ் கிட்டார் படிக்க வருகிறவளுக்குக் கை எப்படி ஓடும்? மார்லன் வீட்டு நிலவறையில், துணி துவைக்கும் மெஷினை ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, வெர்லீன் கெட்டித் தந்தியை ஒருமுறை தட்டுவாள். அடுத்த தட்டுக்குள் கண் சொருகிவிடும்.

"மிஸ் வெர்லீன், தூங்குறீங்களா, ஜெபம் பண்றீங்களா?"

"ரெண்டும்தான். நீ சொல்லு, காதுல விழுது."

மார்லனுக்கு அவள் வயதில் பாதிகூட இருக்காது. ராத்திரியெல்லாம் மதுக்கடைகளில் வாசித்துவிட்டு வருகிறவன். டெட்ராய்ட் குளிரில் அந்த நிலவறை ஹீட்டர் கதகதப்பு இரண்டு பேரையுமே தூக்கத்தில் தள்ளியது. பாதி நாள் அவள் தூங்க அவன் எழுப்புவான், மீதி நாள் அவன் கொட்டாவி விட அவள் முறைப்பாள்.

ஐம்பது வயதுக்கு மேல் சங்கீத ஆசை வந்து அவள் இதில் இறங்கவில்லை. எல்லாம் அக்கா ஒசெல்லாவின் இடது காலுக்காக.

ஒசெல்லாதான் சபையில் ஆர்கன் வாசிப்பவள். இரண்டு கையும் பாட்டுக்கு, இடது கால் அடிநாதத்துக்கு. அதே அடிநாதத்தை பேஸ் கிட்டாரில் வாசிக்க ஆள் இருந்தால் ஆர்கன்காரர் காலால் மிதிக்கும் கீழ்க்கட்டைகளிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும், அதுதான் வழக்கம். இருந்த ஆள் புறநகரில் பெரிய சபை ஒன்று கூப்பிட்டதும் போய்விட்டான். அன்றிலிருந்து ஒசெல்லாவே மிதிக்கிறாள். சர்க்கரை உடம்பு. அந்தக் காலின் பெருவிரலுக்கு அடியில் புண். "மிதிச்சீங்கன்னா கால் போயிடும்" என்று டாக்டர் நேருக்கு நேராகவே சொல்லிவிட்டார். கேட்கிற ஜென்மமா அவள்? பாட்டுக்கு அடி இல்லாமல் ஆராதனை நடக்காது என்று ஒரே பிடிவாதம். சரி, அந்த அடியை நானே போட்டுத் தொலைக்கிறேன் என்று வெர்லீன் கிளம்பிவிட்டாள்.

ஒரு வழியாக நாலைந்து பாட்டு கைக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிட்டாரை மாட்டிக்கொண்டு ஆர்கனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஒசெல்லா ஏற இறங்கப் பார்த்தாள். பாட்டு தொடங்கியது. அக்காவின் கால் எழும்பவே இல்லை. இவள் ஒரு பக்கம் தட்ட, அவள் ஒரு பக்கம் மிதிக்க, அடியில் சேறு குழப்பினமாதிரி ஆகிவிட்டது. போதகர்கூட ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வெர்லீனுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மார்லனிடம் கொட்டித் தீர்த்தாள்.

"ஆம்ப்ளிஃபயர்ல சத்தம் எவ்வளவு வச்சிருந்தீங்க?"

"கம்மியாத்தான். அக்கா வாசிக்கிறப்போ நான் கத்த முடியுமா?"

மார்லன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அங்கதான் கெடுத்தீங்க. ஆர்கன் வாசிக்கிறவங்க காலை எடுன்னு சொன்னா எடுக்க மாட்டாங்க. கீழ கெட்டியா ஒண்ணு தாங்குதுன்னு காதுல விழணும், கால் தன்னால வந்துரும். ஒரு உறையில ரெண்டு கத்தி நிக்காது, மிஸ் வெர்லீன். யாராவது ஒருத்தர் வெளிய வந்தாகணும்."

"அவ என்னைத் தூக்கி வளத்தவடா."

"அப்ப இப்ப நீங்க தூக்குங்க. ஒத்தை சுரம் போதும். தப்பா வந்தாலும் தயங்காதீங்க."

அந்த வாரம் முழுக்க ஒத்தை சுரம்தான். விரல் நுனி வெந்து தோல் உரிந்தது. இல்லத்தில் கிழவர்களைப் புரட்டிப் படுக்க வைக்கும்போதெல்லாம் எரிந்தது.

அடுத்த ஞாயிறு ஆம்ப்ளிஃபயரின் சத்தத் திருகைப் பாதிக்கு மேலே திருப்பினாள். முதல் தட்டிலேயே தரை அதிர்ந்தது. ஒசெல்லா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். சின்ன வயதில் அந்தப் பார்வைக்கே வெர்லீன் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வாள். இப்போது ஒளிய இடமும் இல்லை, தெம்பும் இல்லை. தட்டினாள். ஒசெல்லா ஓங்கி மிதித்தாள். இவளும் விடவில்லை. அக்கா தங்கை சண்டை அது என்று யாருக்குத் தெரியும்? ஆவியின் அபிஷேகம் இறங்கிவிட்டது என்று சபை எழுந்து நின்று கை தட்டியது. இரண்டாம் சரணத்தில் வெர்லீன் ஓர் இடத்தில் தவறினாள். தவறிய சுரத்தையே அழுத்திப் பிடித்து, அங்கிருந்து ஏறி வந்து சேர்ந்தாள்.

அப்போதுதான் ஒசெல்லாவின் கால் எழும்பியது. கட்டைகளை விட்டு விலகி, ஓரமாகத் தரையில் போய் அமர்ந்தது. அதற்குப் பிறகு பாட்டு முழுவதும் வெர்லீன் தலையில்தான். ஜெயித்துவிட்டோம் என்று மனசு நிறைந்திருந்தது.

ஆராதனை முடிந்து கூட்டம் கீழே சாப்பாட்டுக்கு இறங்கியது. பொரித்த கோழி வாசனை படியேறி வந்தது. ஒசெல்லா பெஞ்சை விட்டு எழவில்லை.

"ரெண்டாம் சரணத்துல விழுந்துட்டே."

"ஆமா. எந்திரிச்சிட்டேன்ல."

"எந்திரிச்சிட்டே. அதைக் கேட்டப்புறம்தான் எடுத்தேன். இந்த ஷூவைக் கொஞ்சம் கழட்டி விடு. குனிய முடியல."

வெர்லீன் மண்டியிட்டு ஷூவைக் கழற்றினாள். காலுறையின் முன்பக்கம் நனைந்து கருத்திருந்தது. வாடை மூக்கில் ஏறியது.

"இதோடயா இத்தனை வாரம் மிதிச்சே? போன வாரமே எடுத்திருக்கலாம்ல. நான் எதுக்குக் கத்துக்கிட்டேன்னு நெனச்சே?"

"போன வாரம் உன் சத்தமே எழும்பல. நான் காலை எடுத்து, நீ தடுமாறியிருந்தா, சபையே சிரிச்சிருக்கும். என் கால் கீழ இருந்தா உன் தப்பு யாருக்கும் கேக்காதுல்ல. அதான் வச்சிருந்தேன்."

ஓங்கி ஒன்று அறையலாம் போல வந்தது. அப்படியே அவள் மடியில் விழுந்து அழலாம் போலவும் வந்தது. இரண்டுக்கும் வெர்லீனிடம் தெம்பு இல்லை. மரியாதை என்று இவள் சத்தத்தைக் குறைத்திருந்தாள். தங்கையின் மானம் காக்கிறேன் என்று அவள் காலைக் கொடுத்திருந்தாள்.

"நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாள்.

ஒசெல்லா ஆர்கன் மூடியை இறக்கி, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள்.

"வெட்டிருவாங்களாடி?"

அக்கா இவ்வளவு சின்னக் குரலில் பேசி வெர்லீன் கேட்டதே இல்லை. அந்தக் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.