திருநாளுக்கு மறுநாள்

காலையில் திருத்தந்தை கண்ணை மூடினார். அந்த நொடியிலேயே கர்தினால் ஃபல்கியேரியின் வெளியுறவுப் பதவியும் செத்தது. திருச்சபைச் சட்டம் அப்படி. நியமித்தவர் போனால் நியமனமும் போகும். அழக்கூட நேரமில்லை. தூதர் கொராச் கையெழுத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஒரே ஒப்பந்தம். கையெழுத்தானால் கொராச்சின் நாட்டுச் சிறையிலிருந்து ஆயர் தொமேஜ் வெளியே வருவார். அதற்காக ஃபல்கியேரி ஏறாத வாசற்படி இல்லை, பல்லைக் காட்டாத மந்திரி இல்லை.

"நேத்தே வந்தேனே, ஆண்டகை. திருநாள்னு நீங்கதான் திருப்பி அனுப்பினீங்க," என்றார் கொராச்.

நேற்று பேதுரு பவுல் திருநாள். ரோமில் அன்று எவனும் பேனாவைத் தொடமாட்டான். 'திருச்சபைக்கு ரெண்டாயிரம் வயசு, ஒரு நாள்ல என்ன குடி முழுகிடும்' என்று சிரித்தது ஃபல்கியேரிதான். சாயங்காலம் மொட்டை மாடியில் வாணவேடிக்கை வேறு பார்த்தார்.

இடைக்கால நிர்வாகம் பார்க்கும் கர்தினால் பென்வெனுத்திக்குப் போன் போட்டார்.

"முடியாதுப்பா. நாற்காலி காலியா இருக்கும்போது புதுசா எதுவும் பண்ணக்கூடாது. இந்தச் சட்டத்த எங்களுக்கு வகுப்பெடுத்தவனே நீதானே!"

"ஒரு மனுஷன் ஜெயில்ல கெடக்கான்யா! இந்தத் தூதருக்கு அவங்க நாடு குடுத்த அதிகாரம் இன்னிக்கோட முடியுது!"

"புதுத் திருத்தந்தை வரட்டும்."

பென்வெனுத்தி விட்ட பெருமூச்சுகூட லத்தீனில்தான் இருந்தது.

செயலாளர் சிஸ்டர் ஓர்சோலா பேனாவை நீட்டினார். "நேத்துத் தேதியப் போட்டு முடிங்க, ஆண்டகை. பாவத்த நான் சுமக்கிறேன்."

கொராச் மறுப்பாகத் தலையாட்டினார். "நேத்து இந்த ஆபீஸ் பூட்டிக் கெடந்தது எங்க ஆளுங்களுக்குத் தெரியும், சிஸ்டர். பொய்னு தெரிஞ்சா ஆயருக்குத்தான் தண்டனை கூடும்."

அவர் எழுந்து போனபின் ஃபல்கியேரி மேசையை ஓங்கி அறைந்தார். கை வலித்ததுதான் மிச்சம்.

ஆயரின் தங்கை லூட்மிலாவுக்குத் தானே போன் செய்தார்.

"கையெழுத்தாச்சா, ஆண்டகை? அண்ணனுக்குச் சட்டையெல்லாம் தேய்ச்சு வெச்சுட்டேன்."

"திருத்தந்தை இறந்ததால..." என்று ஆரம்பித்தார். பழகிய வாய், வழுக்கிக்கொண்டு போகும். நிறுத்தினார். "இல்லம்மா. நேத்தே போட்டிருக்கணும். நான்தான் போடல."



"நேத்து உங்களுக்கு அப்படி என்ன வேலை?"